மூலை நாற்காலி

ரங்கசாமி வாங்கிய புது ஹோம் தியேட்டருக்கு மைக் வைத்து அளந்தான் டெக்னீஷியன் கோவிந்த். அவர் உட்காரும் மூலை நாற்காலியில் மட்டும் பேஸ் ஒலி, அந்த அடித்தொனி, கிடுகிடுத்தது. ஈக்வலைசரில் அதை அடக்கி, ஒரு பழைய பாட்டை ஓடவிட்டு, "இப்போ எப்டி சார்?" என்றான்.

நாற்காலிக் கையைத் தடவிப் பார்த்த ரங்கசாமியின் முகம் சுண்டிவிட்டது. "கல்யாணமான புதுசுல, பொன்னேரி சினிமா கொட்டாய்ல இந்தப் பாட்டுக்குப் பெஞ்சே அதிரும்பா. அது இல்லியே!"

"அது ரூம் பண்ற கோளாறு சார். இப்பதான் பாட்டு சுத்தமா கேக்கும்." லேப்டாப்பைப் பார்த்தபடியே சொன்னான். ரங்கசாமி நாற்காலிக் கையையே தடவிக்கொண்டிருந்தார்.

"மூஞ்சியப் பாத்துப் பேசு நைனா," என்றாள் அவர் மனைவி குப்பாயி. "இரும்பு ரோலிங் மில்லு சத்தத்துல காது ரெண்டும் போயிடுச்சி. பேச்ச வாயப் பாத்துப் புரிஞ்சிப்பாரு. பாட்ட அதிர்வுலதான் கேக்குறாரு."

கோவிந்த் பேஸை ஏற்றினான். ரங்கசாமி குப்பாயியின் கையைப் பிடித்து, அதிரும் நாற்காலியின்மேல் வைத்தார்.

"கேக்குதா?"