இஞ்சி ரொட்டியில் ஒரு ஹோம்

இரண்டு முறை சரிந்த சுவர் மூன்றாம் முறை நின்றது.

மகதலேனா மூச்சுவிடாமல் கையை எடுத்தாள். முட்டை வெள்ளையில் குழைத்த சீனிதான் சாந்து. டிசம்பர் மழைக்காற்றில் அது காயவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. சுட்டெடுத்த இஞ்சி ரொட்டியோ இப்போதே நமுத்துப்போகப் பார்த்தது.

விறகு கொண்டுவந்து போட்ட தோட்டக்காரர் நாகையா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

“என்னா மகதலேனா, பிரிக்பீல்ட்ஸ்ல வீடே கட்டிட்டியா! எனக்கும் ஒரு ரூமு வாடகைக்குக் குடு லா.”

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தாள். மணி மூன்று.

துரையின் மனைவியான மேமிடம் இரண்டு மணி நேரம் லீவு கேட்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்திய நாளான இன்று ஹோமின் கேட் ஆறு மணி வரை திறந்திருக்கும். மற்றபடி ஞாயிறு மத்தியானம் மட்டும்தான். ஞாயிறு மத்தியானம் என்றால் இந்த பங்களாவில் கறிச்சோற்று விருந்து. ரயில்வே துரைமார் பத்துப் பேர் வந்து வியர்க்க வியர்க்கச் சாப்பிடுவார்கள். சமையல்காரி எங்கே நகர்வது?

லூர்தம்மாளைப் பார்த்து ஏழு மாதம் ஆகிறது.

ஹோம் என்றால் கன்னியாஸ்திரீகள் நடத்தும் அனாதைப் பிள்ளைகள் இல்லம். இந்த மலாய் நாட்டுத் தமிழர்கள் வாயில் அதற்கு வேறு பெயர் கிடையாது. ரயில் பாதையில் வேலை பார்த்த புருஷன் காய்ச்சலில் போனதும், மகள் லூர்தம்மாளை அங்கே விட்டுவிட்டு மகதலேனா இங்கே சமைக்க வந்தாள். வேலைக்காரர் குடியிருப்பில் பிள்ளைகள் கூடாது என்பது துரை வீட்டுச் சட்டம். பிள்ளையே இல்லை என்று சொல்லித்தான் வேலை வாங்கினாள். சொன்ன வாயை அன்றிலிருந்து திட்டிக்கொண்டிருக்கிறாள்.

போன வாரம் மேம் தனக்குத் தெரிந்த அடுப்படி மலாயில், இஞ்சி ரொட்டியில் ஒரு வீடு செய், ‘மச்சாம் ஹோம்’, ஹோம் மாதிரி, என்றபோது அவளுக்குத் திக்கென்றது. மேமுக்கு எப்படித் தெரியும்? பிறகு மனதைத் தேற்றிக்கொண்டாள். பண்டிகை நேரத்தில் நல்ல மனசுக்காரர்கள் அனாதைப் பிள்ளைகளை நினைப்பதுண்டு.

நிறைய வெள்ளை வேண்டும் என்றும் மேம் சொல்லியிருந்தாள். அதுவும் சரிதான். கிறிஸ்துமஸ் வந்தால் ஹோமுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள்.

எனவே அவள் கட்டியது நீளமான கட்டடம். ஒரே வரிசையில் பதினோரு ஜன்னல். உச்சியில் ஒரு சிலுவை. கிராம்பை நட்டு வேலி, பட்டையை அடுக்கி கேட்.

சுவரில் சீனியைத் தடவத் தடவ அடுப்படி மங்கிப்போனது. பட்டை வாசனையில் கண் சொருகியது. அவள் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். தரை காலுக்கு மெத்தென்று இருந்தது. எங்கேயோ பிள்ளைகள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சுவரைத் தொட்டு விரலை நக்கினாள். இனித்தது. நாலாவது ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. எண்ணெய் வைத்து வாரிய தலை, வகிடு மட்டும் கோணல். பிள்ளைக்கு இப்படியா வகிடெடுப்பது என்று அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

தன்னினைவு வந்தபோது அந்த ஜன்னலில் ஒரு முந்திரிப்பருப்பு நின்றது. அதற்கு உலர்ந்த திராட்சையைக் கிள்ளிப் பின்னலும் போட்டிருந்தாள்.

எதிரே மேம் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

இது என்ன வீடு என்று கேட்டாள் மேம். ஹோம் என்றாள் மகதலேனா.

மேம் குழம்பிப்போனாள். அவள் கேட்டது கூரையில் பனி கொட்டும் தன் ஊர் வீடு. தமிழர்கள் சீமை என்று சொல்லும் நாடு துரைமாருக்கு ஹோம். மேமின் மகள் டோரத்தி படிக்கப் போயிருப்பதும் அங்கேதான். இது மகதலேனாவுக்கு அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது.

மேமின் விரல் நாலாவது ஜன்னலைத் தொட்டது. இது யார்?

உங்கள் மகள் என்று சொல்லியிருக்கலாம். மேம் பூரித்தும் போயிருப்பாள். ஆனால் இன்னொரு தடவை பிள்ளை இல்லை என்று சொல்ல மகதலேனாவுக்கு மனசு வரவில்லை.

“அனாக் சாயா,” என்றாள். என் மகள்.

வேலை போயிற்று என்று நினைத்தாள்.

மேம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அப்படியானால் உன் மகளும் ஹோமிலா என்று மெல்லக் கேட்டாள். டோரத்தி இருக்கும் இடத்துக்குக் கப்பலில் நாலு வாரம். உன் மகளிடம் போக எத்தனை நாள்?

மகதலேனா தலையைக் குனிந்துகொண்டாள். நடந்தால் அரை மணி நேரம் என்றாள்.

மேமின் முகம் காதுவரை சிவந்தது. அது வெட்கம் என்று மகதலேனாவுக்குப் புரியவில்லை. கோபம் என்றே பட்டது.

“பாவா சினி,” என்றாள் மேம்.

பாவா என்றால் கொண்டுவா. சீனியைக் கொண்டுவா. அப்படித்தான் காதில் விழுந்தது. சுவருக்கு வெள்ளை போதவில்லை, வேலையை முடிக்கச் சொல்லி அப்புறம் அனுப்பிவிடுவாள். மகதலேனா சிறுவயது முதல் மலாய் பேசியவள்தான். ஆனால் அந்தப் பதற்றத்தில் தமிழ்க் காது மட்டும்தான் வேலை செய்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சீனி டின்னைத் தூக்கி மேம் முன்னால் வைத்தாள்.

மேம் டின்னை ஒதுக்கிவிட்டு முந்திரிப்பருப்பைக் காட்டினாள். பிறகு தன் காலடியில் அடுப்படித் தரையைக் காட்டினாள்.

“சினி,” என்றாள் மறுபடியும்.

மலாயில் அதற்கு ‘இங்கே’ என்று அர்த்தம்.