நீல ஓரம்

கோபித்துக்கொண்டு கரையிலேயே தங்கிவிட்ட ரெஜீனா, தீவுக் கலங்கரை விளக்கத்தில் வேலை பார்க்கும் கணவன் கஸ்பாரிடம் கறாராகச் சொல்லியிருந்தாள்: மாடிக் கொடியில் நீலச் சேலை காய்ந்தால்தான் அவன் வீட்டுக்கு வரலாம். தீவிலிருந்து கொடியைப் பார்க்க அவனிடம் இருந்தது பழைய தொலைநோக்கி. வெள்ளையாக எதைப் பார்த்தாலும் விளிம்பில் நீலம் கசியும். முதன்முதலாக வெள்ளைச் சேலை காய்ந்த அன்றே படகேறி வந்துவிட்டான்.

“வெள்ளையத்தானே காயப்போட்டேன்?” என்று வாசலை மறித்தாள்.

“ஓரத்துல நீலம் தெரிஞ்சுதே.”

“அது உம்ம கண்ணாடில உள்ள கோளாறு. போயி மாத்தும்.”

தொலைநோக்கியின் கண்ணாடியை மாற்றினான். இரண்டு வில்லைகளை ஒன்றாக ஒட்டிய புதுக் கண்ணாடி, வெள்ளையை வெள்ளையாகவே காட்டியது. பாய்மரம், அலை நுரை, மாதா கோயில் கோபுரம், எதன் விளிம்பிலும் நீலம் இல்லை. அவளுடைய சேலையும் வாரக்கணக்கில் வெறும் வெள்ளையாகவே காய்ந்தது. பழைய கண்ணாடியையே திரும்ப மாட்டிவிடலாமா என்றிருந்தது அவனுக்கு.

இன்று காலை அந்தச் சேலையின் ஓரத்தில் மறுபடி நீலம். வில்லையைத் துடைத்தான். கோபுரத்தைப் பார்த்தான், சுத்த வெள்ளை. சேலைக்குத் திரும்பினான். நீலச் சேலையிலிருந்து கிழித்த துண்டை, ஓரம் நெடுகக் கோணல்மாணலாகத் தைத்திருந்தாள்.