தோளில் ஒரு கை

"அந்த மஞ்சக் கோட்டுதான்டி! எனக்குத் தெரியாதா?" வர்தே அத்தை பல்லைக் கடித்தாள். ஏரிக்கரை பெஞ்சில் மஞ்சள் கோட்டுக்காரன் ஒருவன் பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தான்.

அண்ணன் மகள் நஜ்லா எஸ்பெக்கியா பூங்காவில் யாரையோ சந்திக்கிறாள் என்பது பாதிக் கெய்ரோவுக்குத் தெரியும். யாரை என்பதுதான் தெரியவில்லை.

வரும் ஞாயிறு அவளுக்கும் மன்சூரா ஊர்ப் பருத்தி வியாபாரிக்கும் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வயது ஐம்பதுக்கு மேல். அதுவரை பெண்ணைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காப்பதாக அத்தை அண்ணனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். மாப்பிள்ளை மட்டும் பூங்காவில் எடுத்த படம் கேட்டிருக்காவிட்டால், அவளை வாசல் தாண்ட விட்டிருக்கவே மாட்டாள்.

நஜ்லா ரோஜாப் பாத்தியருகே குந்தி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். கல்யாணக் கவலை என்று அத்தை விட்டுவிட்டாள்.

"போட்டோக்காரரே, அந்த மஞ்சக் கோட்டு என் கண்ணுக்கு நேரா இருக்கணும். அப்படிப் பார்த்து நாற்காலியைப் போடுங்க."

"போட்டாப் போச்சும்மா" என்ற மிஹ்ரான், பெஞ்சைப் பார்த்துக் கூவினான். "ஐயா, நீங்களும் படத்துல விழுறீங்க. கொஞ்ச நேரம் அசையாதீங்க!"

மஞ்சள் கோட்டு, விதையும் கையுமாகச் சிலையானது. திருடனையே கட்டிப்போட்டாயிற்று என்று அத்தைக்கு மனம் குளிர்ந்தது.

மிஹ்ரான் அவள் பிடரிக்குப் பின்னால் இரும்புக் கவ்வியை நிறுத்தித் தலையை அதில் பொருத்தினான். "கூடாரத்துல தகட்டுக்கு மருந்து பூசிட்டு வந்து துணிக்குள்ள நுழைவேன். துணியை எடுக்குற வரைக்கும் திரும்பக் கூடாது, பேசக் கூடாது. பேசினா முகத்துல ரெண்டு வாய் விழும்."

"ஊருக்கு அந்த ஒண்ணே போதும் அத்தை" என்றாள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்ற நஜ்லா.

"கொழுப்புடி உனக்கு! கையை என் தோள்ல வை. எடுத்தே, தெரியும் சேதி."

"கையுறை மாட்டிக்கிட்டு வைக்கிறேன்."

சற்று நேரத்தில் வெள்ளைக் கையுறை அத்தையின் தோளில் அமர்ந்தது. பெண் நன்றாகவே அழுத்திப் பிடித்திருந்தாள்.

தகட்டுப் பெட்டியும் கையுமாக, கறுப்புத் துணியைத் தலையோடு போர்த்தியபடியே கூடாரத்திலிருந்து வந்து கேமராவுக்குப் பின்னால் குனிந்தாயிற்று. வந்த வழியெல்லாம் ஈரக் காலடி. தண்ணீர் ஊற்றுகிறேன் என்று இந்தத் தோட்டக்காரன் பாதையை எல்லாம் சேறாக்கி வைத்திருக்கிறான் என்று அத்தை மனசுக்குள் திட்டினாள்.

மூக்கில் ஈ உட்கார்ந்தது. பொறுத்தாள். கழுத்து மரத்துப்போனது. அதையும் பொறுத்தாள். மஞ்சள் கோட்டும் நகரவில்லை, தோளில் இருந்த கையும் நகரவில்லை. கொடுத்த வாக்கை இப்படிக் காப்பாற்றுகிறவள் உலகத்தில் உண்டா என்று அவளுக்கே பெருமையாக இருந்தது.

தூரத்தில் அலெக்சாந்திரியா துறைமுகத்துக்குப் புறப்படும் ரயில் ஊதியது. கறுப்புத் துணி விலகியது. உள்ளேயிருந்து நிமிர்ந்தவன் தோட்டக்காரன் பயூமி.

"ரயில் ஊதுற வரைக்கும் குனிஞ்சு நிக்கச் சொல்லிட்டுப் போட்டோக்காரர் போயிட்டாரும்மா. கப்பல் ஏறணுமாம்."

"போய்த் தொலையட்டும் தடிப்பய! வேற ஆளை வச்சுப் படம் எடுத்துக்கறேன்." அத்தை தோளில் இருந்த கையை ஆசையாகத் தட்டிக்கொடுத்தாள். "என் பொண்ணு பத்திரமா இருக்காளே, அது போதும்."

பயூமி தலையைச் சொறிந்தான்.

"அம்மா, அந்தக் கையுறைக்குள்ள இருக்குறது என் ரோஜாப் பாத்தி மண்ணு. திருப்பிக் கொட்டிக்கட்டுமா?"