நன்றி அறிவிப்புக் கூட்டம்

கட்டாத கழிவறைக்கு நன்றி சொல்லி பேனர் கட்டியிருந்தார்கள்.

பஸ் டிப்போ வாசலில் நின்று கண்டக்டரம்மா அதை இரண்டு தடவை படித்தாள். 'பெண் ஊழியர்களுக்குக் கழிவறை கட்டித் தந்த அமைச்சருக்கு நெஞ்சார்ந்த நன்றி! இப்படிக்கு, தொழிலாளர் சங்கம்.'

ஒருவேளை தனக்குத் தெரியாமல் கட்டிவிட்டார்களோ என்று ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தாள். பழைய டயர்களும் முள்செடியும்தான் இருந்தன.

டிப்போ பெண்களுக்கு எதிர்ப்பக்கத்துப் பெட்ரோல் பங்குதான் கதி. அங்கே பூட்டிவிட்டால் அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். அதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் வண்டி ஏறுவார்கள். அவளோடு வேலை பார்த்தவள் ஒருத்தி அப்படியே இருந்து இருந்து, சிறுநீரகக் கோளாறில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

போன ஆட்சியில் இதற்காகச் சங்கச் செயலாளர் டிப்போ வாசலில் உட்கார்ந்து போட்ட சத்தம் கொஞ்சநஞ்சமல்ல. 'வெடி' என்றே அவருக்குப் பட்டப்பெயர். சங்கம் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்ட கட்சி ஜெயித்ததும் வெடி நமுத்துப்போனது. அமைச்சரைப் பார்க்கப் போவார், டீ குடிப்பார், திரும்பி வருவார். கேட்டால், நம்ம ஆட்சிதானே, அவசரப்படாதீங்க என்று அமைச்சர் சொன்னதாகச் சொல்வார்.

இப்போது நன்றி வேறு.

அவள் நேரே போய்க் கேட்டாள். "என்னண்ணே, உங்களுக்குப் பதவி ஏதாவது தர்றதா சொல்லியிருக்காங்களா?"

செயலாளர் முகம் சுண்டிப்போனது. நாளைக் கூட்டத்துக்கு எல்லாப் பெண்களையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லிவிட்டு, நாற்காலி அடுக்கப் போய்விட்டார்.

மறுநாள் அமைச்சர் வந்தார். பின்னாலேயே டிவிக்காரர்களும் வந்தார்கள். செயலாளர் மைக்கைப் பிடித்து, அமைச்சரைத் தாய் என்றார், தந்தை என்றார், கேட்காமலே கொடுத்த மகராசன் என்றார். கேட்டுக் கேட்டுத் தொண்டை கட்டிப்போன பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அமைச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து, அமைச்சர் கழிவறையைத் திறந்து வைப்பார் என்று செயலாளர் அறிவித்தார்.

கூட்டம் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் நகர்ந்தது. இரண்டு கம்பம், நடுவே ரிப்பன். ரிப்பனுக்கு அந்தப் பக்கம் டயர்.

அமைச்சர் கூட வந்திருந்த துறைப் பொறியாளரைப் பார்த்தார். பொறியாளர் டயரைப் பார்த்தார். அத்தனை கேமராவும் அமைச்சரைப் பார்த்தன. வேறு வழியில்லாமல் அவர் கத்திரிக்கோலை வாங்கி வெட்டினார். பொறியாளர் கொஞ்சம் கூடுதலாகவே கைதட்டினார்.

கட்டடம் எங்கே என்று ஒரு நிருபர் கேட்டுவிட்டார்.

"சின்னச் சின்ன வேலை பாக்கி இருக்கு," என்றார் செயலாளர். "அடுத்த வாரம் நீங்க எல்லாரும் வந்து படம் எடுத்துக்கலாம்னு அமைச்சர் சொல்றாரு."

எதுவுமே சொல்லாத அமைச்சர் தலையை ஆட்டினார்.

கண்டக்டரம்மாவுக்கு அவமானத்தில் கண் கலங்கிவிட்டது. இந்தச் சங்கமே வேண்டாம் என்று முடிவு கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

காலையில் அதைச் சொல்லத்தான் வந்தாள். ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் பொக்லைன் உறுமிக்கொண்டிருந்தது. ஒரு லாரி செங்கல் இறங்கியிருந்தது. பொறியாளர் பல்கூட விளக்காத முகத்தோடு அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தார். இரவெல்லாம் அமைச்சர் அவரைத் தூங்கவிடவில்லையாம்.

அவள் சங்க அறைக்குப் போனாள். செயலாளர் தரையில் உட்கார்ந்து வேறொரு பேனருக்கு எழுத்து எழுதிக்கொண்டிருந்தார். 'மழைக்கு ஒழுகாத பஸ் வாங்கித் தந்த அமைச்சருக்கு' என்பதுவரை வந்திருந்தார்.

அதையும் அவள் இரண்டு தடவை படித்தாள்.

"நான் உங்களை என்னென்னவோ நெனச்சுட்டேண்ணே," என்றாள். "ஆனா, முன்ன மாதிரி வாசல்ல உட்கார்ந்து கேட்டிருக்கலாமே?"

செயலாளர் தலை நிமிராமல் 'நன்றி'யை எழுதி முடித்தார்.

"எதிரியா இருந்தா கேட்கலாம், தங்கச்சி. நம்ம ஆளுங்ககிட்ட கேட்டா கோவிச்சுக்குவாங்க. நன்றி சொன்னாத்தான் மாட்டிக்குவாங்க."