ஷபீகாவின் காது

"களக்... களக்... புஸ்ஸ்ஸ்!"

இருட்டிக் கொஞ்ச நேரம்தான். வெள்ளவத்தை மாடிவீட்டின் குளியலறையிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு, சண்முகம் மகளையும் தூக்கிக்கொண்டு ஓடினான்.

உள்ளே அவன் மனைவி விஷ்ணுப்பிரியா. கண்ணையும் மூக்கையும் மூடிய மாஸ்க். முகம் தண்ணீர் வாளிக்குள்.

"என்னப்பா செய்யிறீர்?"

"மாஸ்க்குக்குள்ள தண்ணி வந்தா மூக்கால ஊதி வெளியேத்தவேணும். பழகிறன்."

"அம்மா மீன்!" என்றாள் மகள்.

"வாளிக்கே இப்பிடி மூச்சு வாங்குது. கடலுக்கு என்ன செய்யப்போறீர்?"

"எனக்கு இப்ப பயம் போயிட்டுது. இப்ப பிரச்சினை அந்த ஷபீகாதான்."

குழந்தை பிறந்த பிறகு அவளுக்குக் கிடைத்திருக்கும் முதல் வேலை. பவளப்பாறைகளைக் கணக்கெடுக்கும் அலுவலகம். இந்த மாதத்துக்குள் கடலுக்கடியில் சுழியோடும் சான்றிதழைக் காட்டினால்தான் நியமனம். அதற்காகத்தான் கல்கிசைக் கடலில் பயிற்சி. முதல் இரண்டு முறையும் பாதி ஆழத்தில் பயந்து மேலே வந்துவிட்டாள்.

பயிற்சியாளர் றொஹான் கத்தவில்லை.

"பயந்து மேல வாறது பிழையில்ல மிஸ். ஆனா இன்னொருக்கா அப்பிடி வந்தா இந்த முறை பாஸ் பண்ண ஏலாது."

அதற்குப் பிறகு அவளுக்குச் சோடியாகப் போட்ட ஆள்தான் ஷபீகா. அதே பயிற்சிக்கு வந்தவள். கொம்பனித்தெருவில் கேக் செய்து விற்பவள். நாற்பது தாண்டிய, பாரமான உடம்பு. தண்ணீரில் விழுந்தால் மட்டும் அந்தப் பாரம் எங்கே போகிறது என்று தெரியாது.

கடலுக்கடியில் சோடிக்கு ஒரு சட்டம் உண்டு. ஒருவர் மேலே போகவேண்டும் என்றால் மற்றவரும் போகவேண்டும். அங்கேயே நின்று காரணம் கேட்கக்கூடாது.

"ரெண்டு முறையப்பா! ரெண்டு முறையும் அடிக்குப் போன உடன காதைக் காட்டுறா. காது நோகுதாம். அவவோட சேர்ந்து நானும் மேல வரவேண்டிக் கிடக்கு."

"அந்த நேரம் உமக்குப் பயமா இருக்கேல்லையோ?"

"கொஞ்சம். ஆனா சமாளிச்சிருப்பன்."

"காது சரியில்லாத மனிசிக்கு ஏன் இந்த வேலை? வீட்ட இருந்து கேக்கைப் போடலாம்தானே. றொஹானிட்டச் சொல்லும்."

ஞாயிற்றுக்கிழமை சொன்னாள். படகருகே, ஷபீகா பக்கத்தில் நிற்கும்போதே சொன்னாள்.

"சேர், இவவோட என்னை விடாதேங்கோ. இவவின்ட காதால என்ட வேலை போயிடும்."

ஷபீகா சிரித்தாள். "மெய்தான் சேர். என்ட காதை நம்ப ஏலா. நான் போட்ல இரிக்கிறன். புள்ளய நீங்களே கூட்டிட்டுப் போங்க."

"டொக்டரிட்டக் காட்டாம உங்களுக்கும் இனி டைவ் இல்ல" என்றார் றொஹான். "அடுத்த கோர்ஸ்தான்."

"சரி சேர்."

விஷ்ணுப்பிரியாவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

அவளும் றொஹானும் கயிற்றைப் பிடித்துக் கடலுக்குள் இறங்கினார்கள். அடியில் மணல். றொஹான் சைகை காட்டினார்: மாஸ்க்குக்குள் தண்ணீர் விடு, வெளியேற்று.

தண்ணீர் மூக்குக்கு வந்தது. கண் எரிந்தது. மூச்சு எகிறியது, குமிழிகள் கொத்துக் கொத்தாய்ப் பறந்தன. வாளி வேறு, இது வேறு. தன்னையறியாமல் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள்.

கலங்கலாய்த் தண்ணீர்தான் தெரிந்தது. காதைக் காட்ட அங்கே ஒருவரும் இல்லை.

மேலே போகவேண்டும் என்று காட்டக் கை எழும்பியது. காட்டினால் வேலை போனது.

கை மாஸ்க்கின் மேல்விளிம்புக்குப் போனது. அழுத்திப் பிடித்து, தலையை நிமிர்த்தி மூக்கால் ஊதினாள். பாதித் தண்ணீர்தான் போனது. இருமல் வந்தது. வாயில் கடித்திருந்த குழாய்க்குள்ளேயே இருமினாள். மறுபடி ஊதினாள்.

எதிரே றொஹானின் முகம் தெளிவாகத் தெரிந்தது. அவர் கை தட்டிக்கொண்டிருந்தார்.

மேலே வந்து படகில் ஏறும் அவசரத்தில், காலில் மாட்டியிருந்த ரப்பர் துடுப்பு ஒன்று கழன்று கடலுக்குள் போனது.

"ஐயோ சேர்!"

"நில்லுங்க" என்றாள் ஷபீகா.

குதித்தாள். தலைகீழாக ஒரே இறக்கம். சற்று நேரம் ஆளைக் காணவில்லை. பிறகு அடிமணல் ஒட்டிய துடுப்போடு மேலே வந்தாள்.

"இந்தாங்க, புது மீனுக்குச் செட்டை!"

படகில் எல்லோரும் சிரித்தார்கள். விஷ்ணுப்பிரியா மட்டும் சிரிக்கவில்லை.

கரைக்கு வந்ததும் உடுப்பு மாற்றும் அறை வாசல்வரை ஷபீகாவின் பின்னாலேயே போனாள்.

"அவ்வளவு ஆழத்துக்குப் போனீங்கள். காது நோகேல்லையா?"

"இல்லையே."

"அண்டைக்கு? ரெண்டு நாளும்?"

ஷபீகா துவாயைத் தோளில் போட்டாள்.

"அண்டைக்கு உங்கட கண்ணை நீங்க பாக்கல்லதானே. நான் பாத்தன். நீங்க மேல போகணும்டு காட்டினா பெயில். என்ட காது நொந்தா ஆருக்கும் பெயில் இல்ல."

"நான் இப்பவே றொஹானிட்டப் போய்..."

"ஒண்டும் சொல்லவாணாம். அடுத்த கோர்ஸுக்கு நான் வருவன். அதிலயும் ஒரு பயந்த புள்ள இரிக்கும். என்ட காதைக் காட்டிக் குடுத்துடாதீங்க."

"ஷபீகா..."

"குளிருது, வழிய விடுங்க."

அதற்குமேல் ஒன்றும் கேட்க நிற்காமல், கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள்.