கம்ப்யூட்டருக்குச் சட்டை

அம்மா ஒரு திருடனிடம் "சாப்பிட்டாச்சா தம்பி?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

திருடனேதான். படுக்கையிலிருந்து எழுந்து வந்த இசக்கிராஜாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. இந்த மாதிரி ஆட்களிடமிருந்து கம்ப்யூட்டர்களைக் காப்பாற்றத்தான் சென்னைக் கம்பெனி அவனுக்குச் சம்பளம் கொடுக்கிறது. 'உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கு, சரி பண்ணித் தாரோம்' என்று போன் வந்தால் உடனே வைத்துவிடுங்கள் என்று ஆபீசில் வகுப்பெல்லாம் எடுக்கிறவன். அவன் வீட்டிலேயே அம்மா முருகேஸ்வரி, போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

அவள் அவசரம் அவளுக்கு. இன்றைக்குச் சாயங்காலம் மஸ்கட்டில் மகள் உமாராணிக்கு வளைகாப்பு. நேரில் போக விசா கிடைக்கவில்லை. பெரிய திரையிலாவது பிள்ளையைக் கண் நிறையப் பார்ப்போம் என்று தெருப் பெண்களையெல்லாம் அழைத்து வைத்திருக்கிறாள். ஆனால் பாழாய்ப்போன கம்ப்யூட்டர், போட்ட கொஞ்ச நேரத்திலேயே தானாக அணைந்துவிடும். பொங்கலிலிருந்து இதே பாடுதான்.

மகனிடம் சொல்லாமல் இருப்பாளா? சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். போனில் கேட்டால் "வரும்போது பாக்கேம்மா" என்பான். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவனிடம் கேட்டாள். "தூங்கி எந்திரிச்சுப் பாக்கேம்மா" என்று படுத்தவன், உச்சி வெயிலுக்கு இப்போதுதான் எழுந்திருக்கிறான்.

"மேடம், வைரஸ் ரொம்ப முத்திப் போச்சு. நான் அனுப்புற லிங்க்கைக் கிளிக் பண்ணுங்க."

"எங்க தம்பி கிளிக் பண்ண? மறுபடியும் அணைஞ்சிட்டுல்லா."

மறுமுனையில் பெருமூச்சு விடும் சத்தம். பாவம், அவனும் என்னதான் செய்வான். கம்ப்யூட்டர் முழித்திருந்தால்தானே திருட முடியும்.

இசக்கிராஜா ஓடிப்போய் அம்மா காதைக் கடித்தான். "எம்மா, அவன் திருடன். போனை வையி."

முருகேஸ்வரி போனைக் கையால் பொத்திக்கொண்டாள். "சும்மா இருலே. இப்பதான் எதனால அணையுதுன்னு கேக்க ஆரம்பிச்சிருக்கான்."

திருடன் நிஜமாகவே கேட்டான். கரண்ட் ஒழுங்காக வருகிறதா, உள்ளே ஃபேன் சுற்றும் சத்தம் கேட்கிறதா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, பெட்டியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னான். தோசைக்கல் மாதிரி கொதிக்கிறது என்றாள். காத்து போகிற ஓட்டையை ஏதாவது அடைத்திருக்கிறதா என்றான்.

"ஓட்டையெல்லாம் எங்க தம்பி தெரியுது. அதான் சட்டை போட்டிருக்கேன்லா."

"சட்டையா?"

அது வெளியூர்க்காரனுக்கு எங்கே புரியப் போகிறது. உப்பளக் காற்று வீசுகிற தெருவில் சுவரில் அடித்த ஆணிகூடத் துருப்பிடித்து ஒரு மழைக்கு மறு மழை இருக்காது. அதனால் முருகேஸ்வரி வீட்டில் இரும்புச் சாமான் எதுவும் வெறும் உடம்போடு நிற்காது. கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த முகூர்த்தத்திலேயே உள்ளே பாலிதீனும் வெளியே அரிசிச் சாக்குமாக இரட்டைச் சட்டை தைத்து, பட்டனும் வைத்து, மாட்டிவிட்டாள். பொங்கலுக்கு வந்த இசக்கிராஜா அதைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்துச் சிரித்தான். சிரித்ததோடு சரி.

திருடன் சிரிக்கவில்லை. வைரஸை மறந்தான். மேடம் போய் அம்மா வந்தது.

"அம்மா, முதல்ல கரண்டை நிப்பாட்டுங்க. எந்த வயர் எங்க இருந்துச்சுன்னு பாத்து வச்சுக்கிட்டுக் கழட்டுங்க. அந்தச் சட்டையை உருவுங்க."

அவன் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். பக்கத்து மூடியைத் திறந்தால் ஃபேனே தெரியவில்லை, அவ்வளவு தூசி. பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டச் சொன்னான். அவள் ஈரத்துணியை எடுக்கிறேன் என்றதும் பதறிப்போய் வேண்டாம் என்றான். தூசி தட்டுகிற நேரத்தில் வளைகாப்புக் கதையைக் கேட்டான், தலைப்பிள்ளையா என்று விசாரித்தான். காலையிலிருந்து டீ மட்டும்தான் குடித்திருக்கிறேன் என்றான். இசக்கிராஜா நடுவில் வாயைத் திறந்தபோதெல்லாம் அம்மா கையை ஓங்கினாள்.

வயரையெல்லாம் மாட்டி, பட்டனை அமுக்கினாள். கம்ப்யூட்டர் முழித்தது. காத்திருந்து பார்த்தார்கள். அணையவே இல்லை.

"அணையலியே?" என்று திருடன் கேட்டான். குரலில் அவளைவிட அவனுக்குத்தான் சந்தோஷம். பிறகு தொழில் ஞாபகம் வந்து தொண்டையைச் செருமிக்கொண்டான். "அம்மா, இப்ப அந்த லிங்க்கை..."

"அது மட்டும் முடியாது தம்பி. யாரு என்ன சொன்னாலும் எதையும் கிளிக் பண்ணப்படாதுன்னு என் மவன் சொல்லியிருக்கான். நீங்க நேரத்தோட போய்ச் சாப்பிடுங்க."

போனை வைத்துவிட்டாள்.

"திருடன்னு தெரிஞ்சேதான் பேசுனியாம்மா?"

"தெரியாம என்ன? கூப்பிட்ட குரலுக்கு வந்து பாக்க ஒரு ஆளு வேணுமுல்லா எனக்கு."

சாயங்காலம் வீடு கொள்ளாத கூட்டம். திரை நிறைய உமாராணி, இரண்டு கை நிறைய வளையல். முருகேஸ்வரி அழுதுகொண்டே சிரித்தாள். அப்போது பார்த்து அம்மாவின் போன் அடித்தது. அதே நம்பர்.

விடுவானா இசக்கிராஜா? போனைப் பறித்துக்கொண்டு வாசலுக்குப் போனான். எடுத்த எடுப்பிலேயே நான்தான் அந்த மகன் என்றான், சைபர் கிரைம் என்றான், கம்பி எண்ண வைப்பேன் என்றான், தனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தையில் பாதியைச் சொல்லியும் முடித்தான். மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் எதிர்முனைக்குப் பேச வழி கிடைத்தது.

"மீதியை அப்புறம் திட்டுங்க சார். கம்ப்யூட்டர் அணையாம ஓடுதா? அம்மா வளைகாப்பைப் பாத்துட்டாங்களா? அதைக் கேக்கத்தான் கூப்பிட்டேன்."