வெள்ளிக்கிழமை மேற்கே சூலம்

சிதம்பரத்தில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த டிராவல்ஸ் கடையில் கிடந்தது மர பெஞ்சா, சேர்த்துப் போட்ட நாற்காலிகளா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கலியபெருமாள் அதன்மேல் மல்லாந்து படுத்திருந்தார் என்பது மட்டும் நிச்சயம். ஒரு கை இடுப்புக்குக் கீழே இருந்தது.

“இந்த அளவுக்கு நீட்டிப் படுக்கலாமா தம்பி?” என்று கூரையைப் பார்த்துக் கேட்டார்.

“இதவிட அரை அடி ஜாஸ்தியாவே இருக்கும்பா,” என்றான் கடைக்காரன் இளவரசு.

கலியபெருமாளுக்குக் கடலூரில் பம்ப்செட் கடை. மகள் கயல்விழி நியூஜெர்சியில் இருந்தாள். அடுத்த வாரம் பிரசவம். விசா தாமதமாக வந்ததால் வெள்ளிக்கிழமை கிளம்பினால்தான் அவரும் அவர் மனைவி ரத்தினம்மாளும் குழந்தை பிறப்பதற்குள் போய்ச் சேர முடியும். அப்பா முதுகு வலி என்று தினமும் போனில் சொன்னதால் பிசினஸ் கிளாஸில் எடுத்துத் தருவதாக மகள் சொல்லிவிட்டாள். எந்த விமானம் என்பதை மட்டும் தன்னோடு அண்ணாமலை நகரில் படித்த இளவரசுவிடம் பேசி முடிவு செய்துகொள்ளச் சொன்னாள்.

நான்கு மாதம் முன்னால் வயிற்றுக் கோளாறு என்று புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்துவிட்டு வந்தவர் அவர். ஆள் பாதியாகியிருந்தார். ஆனால் பேச்சு முழுவதும் முதுகைப் பற்றியே இருந்தது.

இளவரசு மூன்று வழி காட்டினான். துபாய் வழியாகப் போனால் மூன்று மணி நேரத்தில் அடுத்த விமானம். பிராங்க்பர்ட் வழியும் கிட்டத்தட்ட அப்படித்தான். குவைத் வழியாகப் போனால் நடுவில் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

குவைத்தைக் கலியபெருமாள் கையாலேயே தள்ளிவிட்டார். துபாய் விமானத்தின் படங்களைத் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தார். இரண்டு சீட்டும் சேர்ந்தாற்போல் வேண்டாம், ஒன்று முன்னால், ஒன்று கடைசியில் இருக்கட்டும் என்றார். தன் குறட்டையில் அவள் தூக்கம் கெட்டுவிடுமாம்.

முப்பத்தைந்து வருடம் அந்தக் குறட்டைக்குப் பக்கத்திலேயே தூங்கிய ரத்தினம்மாள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். வந்து ஒரு மணி நேரமாகியும் அவர் வாயைத் திறந்திருக்கவில்லை. சிலருடைய மௌனத்தில் கணக்கு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அன்று எனக்கு அது தெரியவில்லை.

கலியபெருமாள் டீ குடிக்க எதிர்க்கடைக்குப் போனார். அப்போதுதான் ரத்தினம்மாள் நாற்காலியை இளவரசு பக்கம் நகர்த்திப் போட்டார். மூன்று விமானத்திலும் என்னென்ன சாப்பாடு தருகிறார்கள் என்று படிக்கச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை விரதமாக்கும் என்று நினைத்துக்கொண்டு இளவரசு சைவம் இருந்த பக்கத்தை மட்டும் படித்தான்.

“கடைசிப் பக்கம் வரைக்கும் படி தம்பி,” என்றார்.

படித்தான். கேட்டார். பிறகு நாற்காலியைப் பழைய இடத்துக்கே நகர்த்திக்கொண்டார்.

கலியபெருமாள் மீசையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “துபாயே போட்டுடு தம்பி. முதுகுக்கு அதான் தோதா இருக்கு.”

“வெள்ளிக்கிழமை மேற்கே சூலம்,” என்றார் ரத்தினம்மாள். “புள்ளப்பேறு பாக்கப் போறோம். நான் வர மாட்டேன்.”

வெள்ளிக்கிழமையைத் தள்ளிப்போட வழியில்லை என்பது அவர்கள் மூன்று பேருக்கும் தெரியும். கலியபெருமாள் யோசித்துவிட்டு, பிராங்க்பர்ட் விமானம் ராத்திரி ஒன்றே முக்காலுக்குத்தானே கிளம்புகிறது, அப்போது சனிக்கிழமை பிறந்துவிடுமே என்றார்.

“அது வெள்ளக்காரனுக்கு. நமக்குப் பொழுது விடியிற வரைக்கும் வெள்ளிக்கிழமதாங்க.”

“அப்ப என்னதான் பண்ணச் சொல்ற? உம் பொண்ணு அங்க வயித்தப் புடிச்சிகிட்டு உக்காந்திருக்கா.”

ரத்தினம்மாள் வெகுநேரம் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “குவைத்துல போடு தம்பி,” என்றார்.

இளவரசு கணினியைப் பார்த்தான். “அதுவும் வெள்ளிக்கிழமதாம்மா. அதுவும் மேற்கதான் போவுது.”

“வெல்லத்த வாயில போட்டுகிட்டுக் கெளம்புனா சூலம் ஒண்ணும் செய்யாது. பரிகாரம் இருக்கு.”

அந்த வெல்லத்தைப் போட்டுக்கொண்டு துபாய்க்கே போனால் என்ன என்று கலியபெருமாள் கேட்டார். நியாயமான கேள்வி. ரத்தினம்மாள் கைப்பையிலிருந்து இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்து மேசைமேல் வைத்தார். பக்கத்துப் பக்கத்து சீட்டாகப் பார்த்துப் போடச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை இருவரும் வெல்லத்தை மென்றுகொண்டு கிளம்பினார்கள். திங்கட்கிழமை கயல்விழிக்கு ஆண் குழந்தை பிறந்தது. கலியபெருமாள் வழி முழுவதும் படுக்கையை நீட்டவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நேராக உட்கார்ந்தே போனாராம். முதுகு வலி என்ற சொல் அதன்பிறகு அவர் வாயில் வரவில்லை. ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்து, ஐந்து கிலோ கூடிய உடம்போடு மறுபடி பம்ப்செட் கடையில் உட்கார்ந்துவிட்டார்.

சாக்லேட் பொட்டலத்தோடு ரத்தினம்மாள் இளவரசுவைப் பார்க்க வந்தார். மூன்றும் மேற்கே போகிற விமானம்தானே, குவைத்துக்கு மட்டும் எப்படி வெல்லம் வேலை செய்தது என்று அவன் கேட்டான்.

ரத்தினம்மாள் பொட்டலத்தை மேசைமேல் வைத்தார்.

“மத்த ரெண்டுலயும் கடைசிப் பக்கம் பூரா பிராந்தி, விஸ்கின்னு படிச்ச. இதுல வெறும் டீ காப்பிதான தம்பி இருந்துது?”